பையன் வைத்த கறி

ஒரு பையனின் பிழைப்பை நான் கெடுத்தேன். ஒரு தட்டு உப்புக்கறியை வைத்துக் கெடுத்தேன்.

நான் பந்தல்குடிக்காரன். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில் இருக்கிறது ஊர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்து இந்திய உணவகத்தில் தலைமைச் சமையல்காரனாக இருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். முதலாளி சில்ஹெட்காரர், நடந்ததில் அவர் பங்கு குறைவு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் திமிரைச் சொல்ல வேண்டும். அது வெங்காயத்தில் தொடங்கியது.

அந்த நாட்டுக் கறிக்கடைகளில் பெரும்பாலும் ஒரே கிரேவியில்தான் எல்லாம் நடக்கும். பல்லாரி வெங்காயம் மூட்டைக் கணக்கில், கூடக் கொஞ்சம் கேரட், குடைமிளகாய், தக்காளி, இஞ்சி பூண்டு, மஞ்சள், எண்ணெய். மணிக்கணக்கில் வேகவைத்து, அரைத்து, பெரிய டேக்சாவில் வைத்திருப்போம். கறித்துண்டு முன்பே வெந்து கிடக்கும். ஆர்டர் வந்ததும் சட்டியில் எண்ணெய், மசாலாத்தூள், இரண்டு கரண்டி கிரேவி, கறித்துண்டு. தேங்காயும் கிரீமும் விழுந்தால் கோர்மா. மிளகாய்த்தூள் கூடினால் மெட்ராஸ். இன்னும் கூடினால் விந்தாலூ. பருப்பு சேர்ந்தால் தன்சாக். பத்து நிமிடத்துக்குள் மேசைக்குப் போய்விடும்.

இதைப் பார்த்து நான் சிரித்தேன். இந்தக் கடைகளை நடத்துபவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்துச் சில்ஹெட் பக்கத்து ஆட்கள். அவர்களின் முன்னோடிகள் கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப்போட்டுப் போய் இறங்கியவர்கள். அவர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே, "இவங்களுக்கு இந்தியச் சமையல் என்ன தெரியும்?" என்று பேசினேன். அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சாப்பிட வருகிறவன் யார், அவன் பையில் எவ்வளவு இருக்கிறது, அவன் நாக்கு எதைத் தாங்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். 1810-இல் லண்டனில் ஷேக் தீன் முகமது இந்துஸ்தானி காபி ஹவுஸ் திறந்தார். இரண்டே ஆண்டில் திவால். 1926-இல் ரீஜண்ட் தெருவில் தொடங்கிய வீராசாமி பல காலம் பேர் சொன்னது. அதற்குப் பிறகு சில்ஹெட்காரர்கள் ஊர் ஊராகக் கடை போட்டார்கள். 2001-இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவைப் பிரிட்டனின் தேசிய உணவு என்றே மேடையில் சொன்னார். அந்த வெங்காயக் கிரேவியில் அத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. நான் அதைப் போலி என்றேன். தினமும் அதைத்தான் கிண்டினேன்.

பெருமை பேசுவதற்கு எனக்கு ஊர் இருந்தது. மெனு அட்டையில் என்னைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னார்கள். கரிசல் கிராமத்தில் மண்சட்டியில் ஆட்டுக்கறி வெந்த வீட்டில் வளர்ந்தவன் என்று எழுதிக் கொடுத்தேன். பொய். எங்கள் வீட்டில் பெரும்பாலான நாள் கம்மங்கூழ்தான். வெஞ்சனம் என்றால் சீனியவரங்காய் வத்தல், இல்லையென்றால் கானப்பயறுத் துவையல். ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசலில் தானாகப் படர்கிற அதலைக்காயைப் பறித்து வந்து அம்மா புளி ஊற்றி வைப்பாள். கசக்கும். அதை யாரும் விதைப்பதில்லை. பறித்து ரொம்ப நேரம் வைத்திருக்கவும் முடியாது, வெடித்துவிடும். விருதுநகர்ச் சந்தை தாண்டினால் அதன் பெயரே பலருக்குத் தெரியாது. ஆட்டுக்கறி தீபாவளிக்கும் சாமி கும்பிடுக்கும் மட்டும். அதலைக்காயை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழைச் சாப்பாடு என்று தெரிந்துவிடுமே. சமைக்கிற கறிக்குச் 'செட்டிநாடு' என்று முதலாளி பெயர் வைத்தார். காரைக்குடிச் சமையலை நான் யாரிடமும் கற்றதில்லை. வாயைத் திறக்கவில்லை.

பையனை வரவழைத்தது நான். திருச்சுழிப் பக்கத்து ஊர். அவன் அம்மா என்னிடம் வந்து கேட்டார். அப்போது, 2016 வாக்கில், அங்கே வெளிநாட்டுச் சமையல்காரனுக்கு ஆண்டுக்கு 29,570 பவுண்டு சம்பளம் இருந்தால்தான் விசா கிடைத்தது. பார்சல் கொடுக்கும் கடைக்கு அன்று அந்த விசா கிடைக்கவில்லை. எங்கள் கடையில் பார்சல் இல்லை. முதலாளியிடம் பேசி ஏற்பாடு செய்தேன். அவன் தாய்மாமன் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிக் கொடுத்தார். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சொல்லிவிடக் கூடாது.

பணியாட்கள் சாப்பாட்டுக்கு ஒருநாள் உப்புக்கறி வைக்கச் சொன்னேன். எப்படி என்று நானே சொல்லிக் கொடுத்தேன். நடுவில் அவன் கேட்டான்:

"ஏண்ணே, உப்புக்கறிக்கு எதுக்குத் தக்காளி?"

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் வத்தல், நல்லெண்ணெய், உப்பு. கறி தன் தண்ணீரிலேயே வெந்து சுருள வேண்டும். மசாலாத்தூள்கூடக் கிடையாது. அவ்வளவுதான் அந்தக் கறி. நான் மறந்திருந்தேன். "உன் இஷ்டத்துக்கு வை" என்று நகர்ந்துவிட்டேன். அந்த ஊர் இளம் செம்மறியில் கொழுப்பு அதிகம். காட்டில் கருவேலங்காய் தின்று திரிகிற நம் வெள்ளாட்டுக் கறியின் இறுக்கம் அதற்கு வராது. அவன் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, எலும்போடு வெட்டி, தீயைக் குறைத்து வைத்தான். பணியாட்கள் சட்டியை வழித்துத் தின்றார்கள். முதலாளியும் விரலைச் சப்பினார். நான் வைத்த எதற்கும் அவர்கள் அப்படிச் செய்ததில்லை.

பொறாமை என்று எழுதுகிறேன். வேறு சொல் தேடவில்லை.

முதலாளி அதை வெள்ளிக்கிழமை மெனுவில் போடச் சொன்னார். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எலும்பும் காரமும் ஒத்துவராது என்று எனக்குத் தெரியும். கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஈழத்தமிழர் கடைகளில் காரத்தைக் குறைக்காமல் கொத்து ரொட்டி போடுகிறார்கள். அங்கே தின்பவர்கள் அவர்கள் ஆட்கள். எங்கள் நகரத்தில் அப்படி யாரும் இல்லை. இதைப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டும். "அப்படியே வை, எதையும் மாத்தாதே" என்றேன். அவன் வைத்தது ஜெயித்தால் என் ஊர்ப் பெருமை. தோற்றால் அவன் தோற்கட்டும். இவ்வளவு தெளிவாக அன்று நினைத்தேனா? பாதி நினைத்தேன். மீதிப் பாதியை நினைக்காததுபோல் இருந்துகொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, கூட்டமான நேரம். எட்டுப் பேர் உட்கார்ந்த மேசையிலிருந்து நாலு தட்டு திரும்பி வந்தது. ஒருவருக்கு எலும்பு பல்லில் பட்டுவிட்டது. இன்னொருவர் இருமி இருமி முகம் சிவந்துவிட்டார். கிரேவி எங்கே என்று கேட்டார்களாம். முதலாளி அந்த மேசைக்குப் பணம் வாங்காமல் அனுப்பிவிட்டு அடுக்களைக்குள் வந்தார்.

"யார் வைத்தது?"

பையன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. இரண்டாவது முறை என்னிடம் நேராகக் கேட்டார்: "நீ ருசி பார்த்தாயா? உனக்குத் தெரிந்துதான் போனதா?" எனக்கு வழி விட்டார் என்று இப்போது புரிகிறது.

"பையன் வைத்த கறி. நான் பார்க்கவில்லை" என்றேன்.

பார்த்திருந்தேன். உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்த்து, தலையாட்டி, தட்டில் போடச் சொன்னதே நான்தான். எனக்கு நிரந்தர வசிப்பு அனுமதி வரக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தது. அதற்குள் வேலை போனால் ஐந்து வருடக் கணக்கும் போச்சு. அந்தப் பயம் உண்மை. ஆனால் ஒரு மேசைப் பணத்துக்காக அவர் என்னை அனுப்பியிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

பையன் மறுத்துப் பேசவில்லை. ஊர்க்காரன், மூத்தவன், வேலை வாங்கிக் கொடுத்தவன் என்று பார்த்தானோ என்னவோ. அந்த வாரமே வேலை போனது. விசா கடையோடு கட்டப்பட்டது. கடை விலக்கிவிட்டால் உள்துறை கொடுப்பது அறுபது நாள். அதற்குள் வேறு கடை அவனை எடுத்துப் புது விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிற, பார்சல் கொடுக்காத கடை எத்தனை இருக்கும்? அவன் ஏறி இறங்கினான். நான் ஒரு போன்கூடப் போடவில்லை. திரும்பிப் போகும்போது அவன் கத்தியை என்னிடம் விட்டுப்போனான். "உங்களுக்கு ஆகும்ணே" என்றான். குத்தலாகச் சொன்னானா, மனசறிந்து சொன்னானா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே உப்புக்கறியைத் திரும்ப மெனுவில் ஏற்றினேன். எலும்பில்லாத கறி, தக்காளி, இரண்டு கரண்டி வெங்காயக் கிரேவி, கடைசியில் கொஞ்சம் கிரீம். பெயர் மட்டும் பழைய பெயர். நன்றாக ஓடியது. சாப்பிட்ட ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகையில், அசல் கிராமத்துச் சமையல் என்றால் இதுதான் என்று எழுதினார். முதலாளி சட்டம் போட்டு மாட்டினார். நான் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

ஊர் வந்தபோது அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அவன் அம்மா என்னைக் கண்டுகொண்டார்.

"எம்புள்ள அங்க என்னத்தத் தப்பு செஞ்சான் தம்பி? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான்."

"தப்பு ஒண்ணும் இல்லக்கா. அவன் கைப்பக்குவம் அங்க எடுபடல" என்றேன்.

"நீங்க கூட இருந்து பாத்துக்கிட்டீகளே, அது போதும்" என்று கும்பிட்டார். கையில் வைத்திருந்த காராச்சேவுப் பொட்டலத்தை என் பையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன்.

அவன் இப்போது நாற்கரச் சாலையோரம் ஒரு கடையில் எண்ணெய்ப் பரோட்டா போடுகிறான் என்று கேள்வி. நான் ஊரோடு வந்துவிட்டேன். தூத்துக்குடிப் பக்கம் போகும்போது வண்டியை அங்கே நிறுத்துவதில்லை. அடமானம் வைத்த நிலம் திரும்பியதா என்று விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் பணம் கொடுக்க வேண்டிவரும், காரணமும் சொல்ல வேண்டிவரும். இதையெல்லாம் அவனிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். என்னை அறியாத உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. அதனால் இங்கே தொடங்கியிருக்கிறேன்.