பேட் எடுக்குமுன் காலைப் பாருங்கள்

டெட்ராய்ட்டில் பனி கொட்டும் ஜனவரி மாதத்தில், புறநகர் உள்ளரங்கங்களின் வலைக்கூண்டுகளில் ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலர் இயந்திரம் வீசும் பந்துகளை மாங்கு மாங்கென்று அடித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னும் சில நாளில் அவர்கள் சாலைவழியே ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தெற்கே, புளோரிடா மாநிலத்தின் லேக்லாண்ட் ஊருக்குப் போகிறார்கள். அங்கே டெட்ராய்ட் டைகர்ஸ் சீருடையை மாட்டிக்கொண்டு, அந்த அணியின் முன்னாள் வீரர்களோடு பழகி, அவர்களிடம் திட்டு வாங்கி, நாள்தோறும் பேஸ்பால் ஆடுவார்கள். ‘ஃபேன்டஸி கேம்ப்’ என்று இதற்குப் பெயர். செலவு ஆயிரக்கணக்கான டாலர். சிறுவயதில் கைகூடாத ஆசைக்கு நடுவயதில் கட்டும் வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைத் தொடங்கிவைத்தவர் சிகாகோ கப்ஸ் அணியின் முன்னாள் கேட்ச்சர் ராண்டி ஹண்ட்லி. 1968-இல் ஒரே பருவத்தில் 160 ஆட்டங்களில் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்த முழங்கால் அவருடையது. மறு ஆண்டு கப்ஸ் அணி செப்டம்பர் வரை முன்னணியில் இருந்துவிட்டு நியூயார்க் மெட்ஸிடம் கோட்டைவிட்டது. அந்தத் தோல்வியை சிகாகோ ரசிகர்கள் மறக்கவில்லை. தோற்றவர்கள்மேல் வைத்த பாசத்தையும் விடவில்லை. 1983-இல் ஹண்ட்லி பழைய சகாக்களைத் திரட்டி, அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ரசிகர்களுக்கென்று முகாம் போட்டார். மற்ற அணிகளும் பின்தொடர்ந்தன. மெட்ஸ் போர்ட் செயின்ட் லூசியில், யாங்கீஸ் டாம்பாவில், ரெட் சாக்ஸ் ஃபோர்ட் மையர்ஸில் நடத்துகின்றன. பிப்ரவரி நடுவில் நிஜ வீரர்கள் வருடாந்தரப் பயிற்சிக்கு வந்து இறங்கிவிடுவார்கள். அதற்குமுன் மைதானம் சும்மாதானே கிடக்கிறது!

லேக்லாண்டுக்கும் டைகர்ஸுக்கும் உள்ள உறவு பழையது. போர்க்காலம் நீங்கலாக, 1934 முதல் அணி அங்கேதான் பயிற்சி எடுக்கிறது. ‘டைகர்டவுன்’ என்று அழைக்கப்படும் அந்த வளாகம் இரண்டாம் உலகப்போரின்போது விமானிகளைப் பழக்கிய இடம். பிரிட்டிஷ் விமானப்படைப் பையன்களும் அங்கே பறக்கக் கற்றார்கள்.

ஆயத்தம் பெரும்பாலும் கடையில் ஆரம்பிக்கிறது. மேப்பிள் மரத்தில் பேட் வாங்குவதா, ஆஷ் மரத்திலா என்று வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். 2001-இல் பாரி பாண்ட்ஸ் 73 ஹோம் ரன் அடித்தது மேப்பிள் பேட்டில் என்ற தகவல் தவறாமல் வந்து விழும். பாண்ட்ஸ் அடித்ததற்கு மரம் காரணமில்லை என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. கையுறை விஷயம் வேறு. புதுத் தோல் பலகைபோல் விறைத்து நிற்கும். எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்துக் கட்டி, மெத்தைக்கு அடியில் வைப்பது அமெரிக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் சடங்கு. ஆனாலும் தினமும் பந்து பிடிக்கப் பிடிக்கத்தான் தோல் கைக்குப் படியும். அதனால் முகாமுக்குப் போகிறவர் கையுறையைக் கோடையிலேயே வாங்கிவிட வேண்டும்.

இத்தனை ஏற்பாட்டிலும் காலை யாரும் நினைப்பதில்லை.

அடித்தவர் முதல் பேஸுக்கு ஓட வேண்டிய தூரம் 90 அடி, அதாவது 27.43 மீட்டர். கிரிக்கெட்டில் ஒரு ரன்னுக்கு ஓடும் தூரம் 17.68 மீட்டர்தான். அங்கே எதிர்முனை ஆட்டக்காரர் நடந்துவந்தபடியே ஓட்டமெடுக்கலாம். இங்கே உடம்பை முறுக்கி பேட்டைச் சுழற்றிவிட்டு, நின்ற நிலையிலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தே முப்பது வருடம் வேலை பார்த்தவரின் பின்தொடைத் தசை இதைத் தாங்குமா? முகாம்களில் ஐஸ் பொட்டலமும் கட்டுத்துணியுமாக அலையும் பயிற்சி உதவியாளருக்கு ஓய்வே இருக்காது. மனத்துக்குப் பதினெட்டு வயதுதான். தசைக்கு அது தெரிவதில்லை. இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே சின்னச் சின்ன ஓட்டங்களாக ஓடிப் பழகுவதுதான் இதற்கு வழி. மெதுவோட்டம் மட்டும் போதாது, நின்று பாயும் ஓட்டம் வேண்டும்.

அடுத்தது தோள். பந்தை எறியும் பிட்ச்சர் நிற்கும் மேட்டிலிருந்து அடிப்பவருக்கு 18.44 மீட்டர். பந்தின் எடை கிரிக்கெட் பந்தைவிடக் குறைவு, 142 முதல் 149 கிராம்வரை. எளிதாகத் தெரியும். ஆனால் பகல் முழுக்க எறிந்தால் மறுநாள் சட்டை மாட்டவே கை தூக்க முடியாது. டைகர்ஸ் முகாம்களில் கோமாளித்தனத்துக்குப் பேர்போன ஜான் வார்டன் கதை இதற்குப் பொருத்தம். 1968-இல் டைகர்ஸுக்காக நான்கு வெற்றி, ஒரு தோல்வி என்று நன்றாகவே எறிந்தார். அவ்வாண்டு அணி உலகத் தொடரையும் வென்றது. தொடரில் இறங்க வாய்ப்பே கிடைக்காத ஒரே டைகர் அவர்தான். பிறகு தோளில் காயம். பெரிய லீகில் அவர் ஆடிய பருவம் அந்த ஒன்றோடு சரி. இருபதுகளில் இருந்தவர் தோளுக்கே இந்தக் கதி.

ஆயத்தமில்லாமல் மேடேறினால் என்ன ஆகும் என்பதற்கு எழுத்தாளர் ஜார்ஜ் பிளிம்ப்டன் சாட்சி. 1958-இல் யாங்கி ஸ்டேடியத்தில் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்குப் பந்து எறிய இறங்கினார். வில்லி மேஸ் அடித்தது உயரே எழும்பி எளிய கேட்ச்சாகப் போனதுவரை எல்லாம் இனித்தது. எர்னி பேங்க்ஸ் ஒருவருக்கே இருபதுக்கும் மேற்பட்ட பந்துகள் எறிய வேண்டிவந்தது. கடைசியில் தள்ளாடிப்போய், எறிவதை யாங்கீஸ் பயிற்சியாளர் ரால்ஃப் ஹவுக்கிடம் விட்டுவிட்டு இறங்கினார். அந்த அனுபவம் 1961-இல் ‘அவுட் ஆஃப் மை லீக்’ என்ற புத்தகமானது. எல்லாருடைய அவதியும் புத்தகமாகிவிடுவதில்லை.

பெட்டி கட்டும்போது சில சில்லறை விஷயங்கள். பேட்டை விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோக விடமாட்டார்கள். சாமான்களோடுதான் போட வேண்டும். காலணி ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். கொஞ்சம் சில்லறைப் பணமும் தேவை. மாலையில் ‘கங்காரு நீதிமன்றம்’ கூடி, பந்தைக் கோட்டைவிட்டவர், தொப்பியைத் திருப்பிப் போட்டவர் என்று சகலருக்கும் அபராதம் விதிக்கும். 1966-இல் பால்டிமோர் அணியில் ஃப்ராங்க் ராபின்சன் தரை துடைக்கும் துடைப்பத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்த மரபு அது.

போகிறவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முதல் நாள் உங்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் அணி பிரிப்பார்கள். பழைய வீரர்கள் கண்ணில் பட வேண்டும் என்ற வேகம் அன்றைக்குத்தான் தலைக்கேறும். அன்று பாதி வேகத்துக்குமேல் ஓடாதீர்கள். கட்டிய பணத்துக்கு மீதி நாட்களின் ஆட்டம் பாக்கியிருக்கிறது.