வீட்டுக்குள் வரும் பெயர்கள்

ஜூன் 19

எழுதி வைக்காவிட்டால் நாளைக்கே இதன் வரிசை எனக்குக் கலைந்துபோகும்.

காலை ஏழு மணிக்கு அப்பா வழக்கம்போல் போனில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் முழுக்க ஒரு அறிவிப்பு வந்து மூடியது. போனில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே சுத்தம் செய்யுங்கள். எதையோ தொட்டிருக்கிறார். ஒரு ஆப் இறங்கி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கிறது. அதன் பிறகு வந்த ஓடிபிகளை அந்த ஆப்பே எடுத்துக்கொண்டது. பத்து மணிக்கெல்லாம் அவருடைய சேமிப்புக் கணக்கில் சில நூறு ரூபாய்தான் மிச்சம்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்தேன். எடுத்த பெண் பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்துகொண்டார். சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டாம். புகார் எண்ணைக் காலண்டரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அப்பா மதியம் சாப்பிடவில்லை. “நான் அந்த விளம்பரத்த மூடத்தான் பாத்தேன்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஜூன் 20

தூக்கமில்லை. அவர் அறையிலும் விளக்கு எரிகிறது.

ஜூன் 24

கோபம் இறங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் நடுக்கூடம் வரை நடந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறான். வாசலில் கிரில் கேட் போட்டு, இரண்டு பூட்டும் போட்டிருக்கிறோம். சுவரோரம் சின்ன விளக்குகள் மினுங்கும் ரவுட்டருக்கு என்ன பூட்டு?

விளம்பரம் என்பது அப்பாவுக்குத் தொழில். திருச்சியில் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தார். வரி விளம்பரம், வரன், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அப்படிப்பட்டவரை ஒரு விளம்பரம் ஏமாற்றியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஜூன் 28

அம்மாவின் படங்களும் குரல் பதிவுகளும் தொலைந்துவிடக் கூடாது என்று வாங்கிய நாஸ் என்ற சேமிப்புப் பெட்டி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். ராத்திரி பகல் ஓடிக்கொண்டேயிருக்கும் பெட்டி. அதிலேயே பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பானை நிறுவலாம் என்று முடிவு செய்தேன்.

அது செய்யும் வேலை எளியது. போன் எந்தத் தளத்துக்குப் போவதானாலும் முதலில் அதன் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும். அதற்குப் பதில் சொல்வதுதான் டிஎன்எஸ். இதுவரை அந்தக் கேள்விகள் இணைய நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இனி வீட்டிலிருக்கும் பெட்டிக்கு வரும். விளம்பரம் பரிமாறும் பெயரென்று பட்டியலில் இருந்தால் 0.0.0.0 என்று பதில் போகும். அப்படி ஒரு இடமே இல்லை என்று அர்த்தம். போனும் அத்தோடு விட்டுவிடும். ஒவ்வொரு போனிலும் தனித்தனியாக எதையும் போட வேண்டியதில்லை. டிவிக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு.

ஜேக்கப் சல்மேலா என்பவர் ராஸ்ப்பெரி பை என்ற கையடக்கக் கணினிக்காகத் தொடங்கியது பை-ஹோல். அதனால்தான் அந்தப் பெயர். நாஸில் கன்டெய்னராக, அதாவது தனியாக அடைத்துவைத்த நிரலாக, ஓட்டலாம். மேக்விலான் முறையில் அதற்கு வீட்டு நெட்வொர்க்கில் தனி முகவரி கொடுத்தேன். அந்த முறையில் நாஸும் அதற்குள் ஓடும் பை-ஹோலும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. மற்ற எல்லாக் கருவிகளும் பேசலாம். எனக்கு அது போதும்.

ஜூலை 2

இரண்டு நாளாக வேலை செய்வதுபோலத் தெரிந்தும் அப்பாவின் போனில் மட்டும் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. இன்று பிடிபட்டது. இணைப்புக்காரர்கள் கொடுத்த ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை மாற்றவே இடமில்லை. அதனால் கருவிகளுக்கு முகவரியும் டிஎன்எஸ்ஸும் சொல்லிக்கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை ரவுட்டரிடமிருந்து பிடுங்கிப் பை-ஹோலிடம் கொடுத்திருந்தேன். ஆனால் ரவுட்டர் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாகத் தன் டிஎன்எஸ்ஸைத் தனியாக விநியோகித்துக்கொண்டே இருந்திருக்கிறது. போன் அந்த வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது டிஎன்எஸ் என்று கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டுவைக்கலாம், பெட்டி நின்றால் அது கைகொடுக்கும் என்றார் இவர், என் கணவர். மறுத்துவிட்டேன். முதலாவது பதில் சொல்லாதபோது மட்டும் இரண்டாவதிடம் போக வேண்டும் என்று எந்தக் கருவிக்கும் கட்டாயமில்லை. தோன்றியதைக் கேட்கும். விளம்பரம் அந்த வழியே வந்துவிடும்.

ஜூலை 3

அப்பா படிக்கும் செய்திப் பக்கம் இன்று வெள்ளையாக இருந்தது. நடுநடுவே கட்டம் கட்டமாக வெற்றிடம். நான் மகிழ்ச்சியோடு காட்டினேன். அவர் வெகுநேரம் அந்த வெற்றிடங்களையே பார்த்தார்.

“இப்படி எல்லாரும் மறைச்சுட்டா பேப்பர்காரன் சம்பளத்துக்கு எங்கம்மா போவான்?”

“உங்க பணம் போச்சேப்பா.”

“போச்சு. ஆனா எடுத்தது பேப்பர்காரன் இல்லியே.”

நியாயமான கேள்வி. பக்கம் திறப்பதற்குள் பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். படிப்பவர் எந்த ஊர், என்ன போன், முன்பு எதையெல்லாம் பார்த்தார் என்ற விவரங்களோடு அந்த ஒரு கட்டம் ஏலத்துக்குப் போகிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏலம் முடிந்து, யார் எடுத்தார்களோ அவர்கள் விளம்பரம் வந்து உட்காருகிறது. எந்த விளம்பரம் வரப்போகிறது என்று பத்திரிகைக்கே முன்கூட்டித் தெரிவதில்லை.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “தெரியாம எப்படிப் போடறது? கண்ணீர் அஞ்சலின்னா இறப்புக்கு அத்தாட்சி கேட்போம். வரி விளம்பரம்னா கொண்டு வர்ற ஆள் முகத்தப் பாப்போம், விலாசம் வாங்குவோம். ஆனா அத யார் படிச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. படிச்சவனுக்கு வேணும்னா அவனா வருவான்.”

போட்டவரைத் தெரியும், படித்தவரைத் தெரியாது. இன்று எல்லாம் தலைகீழ். இத்தனை நாள் நான் கட்டுரை கட்டுரையாகப் படித்துத் தேடிக்கொண்டிருந்த விளக்கத்தை அவர் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டார்.

ஆனால் அவர் கேட்டதற்கு இது பதிலாகாது. பெயரைக் கொண்டு தடுக்கும்போது நல்ல விளம்பரம், திருட்டு விளம்பரம் என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே பெயரிலிருந்து வருகின்றன. காகிதப் பத்திரிகையை மறுபடி வீட்டுக்குப் போடச் சொல்லிவிட்டேன். மாதச் சந்தா ஒரு வருஷத்துக்கு.

ஜூலை 5

மகளின் பள்ளி ஆப் திறக்கவில்லை. இவர் மின்கட்டணம் கட்டப்போனால் பாதியில் நிற்கிறது. பட்டியலில் தேடி இரண்டு பெயர்களை அனுமதித்தேன். “பூட்டுன வீட்டுல நாமளே மாட்டிக்கிட்டோம்” என்று இவர் முணுமுணுத்தார்.

ஜூலை 9

காகிதத்தில் பேப்பர் வருவது அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறார். அவள் ‘நினைவஞ்சலி’யைத் தடுமாறி உச்சரித்ததும் திருத்துகிறார். தாத்தாவால் அவளுக்குத் தமிழ் வாசிப்பு வரும். வீடு பழையபடி ஆகிக்கொண்டிருக்கிறது என்று நம்பத் தோன்றுகிறது.

ஜூலை 12

அப்பாவுக்கு யூடியூப்பில் பழைய பாட்டுக்கு முன்னால் விளம்பரம் வருகிறது. அதை இந்தப் பெட்டியால் தடுக்க முடியாது. பாட்டும் விளம்பரமும் ஒரே பெயர்களிலிருந்து வருகின்றன. ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நிற்கும்.

ஜூலை 20

ஆடிக் காற்று. மரம் விழுந்து சாயங்காலம் கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டது. கரண்ட் வந்தபின் ரவுட்டர் உடனே விழித்துக்கொண்டது, நாஸ் எழுந்திருக்க நேரமாயிற்று. அதுவரை வைஃபை முழுக் கோடு காட்டியும் யாருக்கும் எதுவும் திறக்கவில்லை. இணைப்பு இருக்கிறது, வழி சொல்லத்தான் ஆளில்லை. நாஸுக்குத் தனியாக யூபிஎஸ் வாங்க வேண்டும். பழைய ராஸ்ப்பெரி பை ஒன்று கிடைத்தால் அதில் இரண்டாவது பை-ஹோல்.

ஜூலை 22

அணைத்து வைத்த டிவி ராத்திரி முழுக்கப் பேசுகிறது. ரிமோட்டில் அணைத்தாலும் அது முழுதாகத் தூங்குவதில்லை. கேள்விப் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே வரிசை வரிசையாகச் சிவப்பு. தடுத்தால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறது.

அமெரிக்காவில் விஸியோ என்ற டிவி நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் சம்மதமில்லாமல் நொடிக்கு நொடி சேகரித்து விற்றதாக வழக்கு வந்து, 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. டிவி ஒன்றுக்குக் கணக்கிட்டால் இருபது சென்ட். ஒரு வீட்டின் சாயங்காலங்களுக்கு அவ்வளவுதான் விலை.

ஜூலை 23

டிவி விஷயத்தைத் தொடர்ந்து பார்க்க உட்கார்ந்தவளுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அதை இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை.

பட்டியலில் எல்லாக் கருவிகளும் இருக்கின்றன. எந்த நேரம், எந்தக் கருவி, எந்தப் பெயரைக் கேட்டது. அதிகாலை மூன்று மணியை ஒட்டி அப்பாவின் போன் ஒரு கண் மருத்துவமனையின் பெயரைக் கேட்டிருக்கிறது. அடுத்து அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் தளம். மறுபடி கண் மருத்துவமனை. முந்தின ராத்திரியும் அப்படியே. அதற்கு முந்தினதும்.

பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே எந்தப் பக்கத்தைத் திறந்தார், என்ன படித்தார் என்பது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. தெரிந்த அளவே எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 24

அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. விளம்பரத்தை மூடும் ‘எக்ஸ்’ குறி மூலையில் எத்தனை சிறிதாக, எத்தனை வெளிறிய சாம்பலில் இருக்கும் என்று ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30

பை-ஹோலில் தனியுரிமைக்கு நிலைகள் உண்டு. பூஜ்யத்தில் எல்லாம் தெரியும். ஒன்றில் கேட்ட பெயர்கள் மறையும், இரண்டில் கேட்ட கருவிகளும் மறையும், மூன்றில் மொத்த எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். தடுக்கும் வேலை நான்கிலும் ஒன்றுதான்.

அப்படியானால் நான் ஏன் பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன்? எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க அது வேண்டும். ஐபிவி6-ஐக் கண்டுபிடித்தது அப்படித்தான், டிவியும் அப்படித்தான். ஆனால் அதே பட்டியலில் இவர் தேடுவதும் மகள் தேடுவதும் இருக்கின்றன. அவளுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் அம்மாவிடம் கேட்க முடியாத கேள்விகள் வரும். அதை அவள் இணையத்தில்தான் கேட்பாள். ஊரான் பார்க்கக் கூடாது என்று வைத்த பெட்டி இது. வீட்டுக்காரி பார்க்கலாம் என்று யார் சொன்னது?

மூன்றில் வைத்தேன். வைத்துவிட்டு நினைத்துக்கொண்டேன்: முதல் நாளே இப்படி வைத்திருந்தால் அப்பாவின் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 1

அப்பாவின் போனுக்கு ஒரு அழைப்பு. போலீஸ் என்றானாம், பார்சலில் போதைப்பொருள் என்றானாம். அப்பா வைத்துவிட்டார். எந்தப் பட்டியலும் தடுக்காத வழி அது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கூட்டம். படியில் இறங்கும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் பிடிக்கமாட்டார். வழுக்கும் என்றார்.

ஆகஸ்ட் 8

ராத்திரி எல்லாரும் படுத்தபின் ஹாலுக்கு வந்தார். பெட்டியின் விளக்கைப் பார்த்தபடி நின்றார்.

“இதுக்கு நான் என்ன பாக்கறேன்னு தெரியுமா?”

“பேரு மட்டும் தெரியும்ப்பா. இப்ப அதுவும் தெரியாத மாதிரி வெச்சிருக்கேன்.”

“முன்னாடி?”

“தெரிஞ்சுது.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேசமாட்டார் என்று நினைத்தேன். பேசியது வேறு கதை.

“பெட்டி எண்ணுன்னு ஒண்ணு போடுவோம். வரன் விளம்பரத்துல பேரு, விலாசம் வேண்டாங்கறவங்களுக்கு நம்பர் மட்டும். பதில் கடுதாசி எல்லாம் ஆபீசுக்கு வரும், நம்பர் பாத்துப் பிரிச்சு அனுப்பணும். எந்த நம்பர் யாருதுன்னு ரிஜிஸ்டர் என் மேசைலதான் இருந்துச்சு. நம்ம தெருவுல ஒருத்தர், மனைவி இருக்கும்போதே கொடுத்தாரு. சொந்தத்துல ஒரு பொண்ணு, வீட்டுக்குத் தெரியாம அதுவாவே கொடுத்துச்சு. எல்லாம் தெரியும். உங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல.”

“அந்தப் பொண்ண வழியில பாத்தா என்ன பண்ணுவீங்க?”

“சாப்ட்டியான்னு கேப்பேன்.”

பெயர்களையும் முகவரிகளையும் ஒரே கோப்பில் வைத்திருந்த காலம் இணையத்துக்கும் இருந்தது என்று சொன்னேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பார்த்துக்கொண்டது. புதுக் கணினி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிகள் பெருகி அது சமாளிக்க முடியாமல் போனபின் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். நான் ஏற்றியிருக்கும் தடைப்பட்டியல்கூட ஒரு வரிக்கு ஒரு முகவரி, ஒரு பெயர் என்று பழைய கோப்பின் சாயலில்தான் இருக்கிறது. அப்பா கவனமாகக் கேட்டார். “அந்தம்மாவுக்கும் நெறைய தெரிஞ்சிருக்கும்” என்றார்.

கண்ணைப் பற்றிக் கேட்டிருக்கலாம். வாய்க்குள்ளேயே இருந்தது. “விளக்க அணைச்சுட்டுப் படும்மா” என்று எழுந்து, சுவரைத் தொட்டபடி அறைக்குப் போனார்.

ஆகஸ்ட் 9

யூபிஎஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 13

புகாரில் ஒரு சிறு நகர்வு. போன பணத்தில் ஒரு பகுதி ஏதோ ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறதாம். திரும்பக் கிடைக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னதும் “எவ்வளவு?” என்று கேட்கவில்லை, “எப்ப?” என்று கேட்டார். எதற்காக அவசரம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு, அவர் சொல்லாத ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை. காலை எட்டு மணிக்குக் கார் சொல்லியிருக்கிறேன். எங்கே போகிறோம் என்று இன்னும் சொல்லவில்லை.