மடிக்காத பாசி

நவம்பர் 14, 2023, செவ்வாய். சியோல்.

வீட்டில் எல்லோரும் அடிக்குரலில் பேசுகிறார்கள். நாளை மறுநாள் தோழியின் மகனுக்குச் சுனுங், அதாவது கல்லூரி நுழைவுத் தேர்வு. உறவினர்கள் கொடுத்தனுப்பிய யொத் மிட்டாயும் அரிசிமாவில் செய்த தொக்கும் மேசையை நிறைத்துக் கிடக்கின்றன. இரண்டும் கையில் பிசுபிசுவென்று ஒட்டும் பண்டங்கள். தின்றால் விரும்பிய கல்லூரியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நம்பிக்கை. வழுக்குகிற எதுவும் இப்போது வீட்டில் கூடாது. முக்கியமாக, மியொக் என்னும் கடற்பாசி போட்டு வைக்கும் சூப்.

எனக்கு ஐம்பது முடிவதும் அந்த வியாழக்கிழமைதான். தேதியைக் கேட்டதும் தோழியின் முகம் வாடிவிட்டது. அவள் கணவர் இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையில் வேலை பார்த்த காலத்தில் சென்னையில் எங்கள் எதிர்வீடு. அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

“பிறந்தநாள் காலைல அந்த சூப்தான் முதல்ல சாப்பிடணும். உங்களுக்கு இல்லாமப் போயிடுமே, அக்கா.”

கேக்கைப் பற்றி அவள் பேசவே இல்லை.

நவம்பர் 16, வியாழன்.

தேர்வுக்கூடத்தின் வாசலை எட்டு பத்துக்கு மூடிவிடுவார்கள். பையன் விடிந்ததுமே கிளம்பினான். லிஃப்ட் இறங்கும் சத்தம் ஓயும்வரை தோழியின் மாமியார் கதவருகிலேயே நின்றார். பிறகு விறுவிறுவென்று அலமாரியைத் திறந்து, உலர்ந்த பாசியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். ஒரு கைப்பிடி கறுப்புச் சருகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை பச்சையாக விரிந்து பாத்திரத்தை நிறைத்தது. மாட்டிறைச்சித் துண்டுகளையும் பூண்டையும் எள்ளெண்ணெயில் வதக்கி, பாசியைப் போட்டு நிதானமாகக் கொதிக்கவிட்டார்.

முதல் கிண்ணத்தைச் சோற்றோடு தனியே எடுத்து வைத்தார். பிள்ளைப்பேற்றைக் காக்கும் சம்சின் ஹல்மொனிக்காம். ஹல்மொனி என்றால் பாட்டி. எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சியம்மன் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

சூப்பின் கதையை அப்போதுதான் சொன்னார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வாரக்கணக்கில் விடாமல் கொடுக்கும் பத்தியம் இது. அயோடினும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்தது. தன்னைப் பெற்ற களைப்பில் அம்மா குடித்ததைத்தான் ஒவ்வொரு பிறந்தநாளிலும் பிள்ளை குடிக்கிறது.

தோழியின் மாமியாரான பாட்டி என் வயதைக் கேட்டார். ஐம்பது என்றேன். ஐம்பத்தொன்று என்று திருத்தினார். பிறந்த அன்றே குழந்தைக்கு ஒரு வயது என்பது அவர்களுடைய பழைய கணக்கு. இந்த ஆண்டு ஜூன் 28 முதல் சட்டமும் அரசுத் தாள்களும் நம்மைப்போல்தான் எண்ணுகின்றன. பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா சுமந்த மாதங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டார்.

அடுத்து, “உன்னைப் பெற்றபோது உன் அம்மா என்ன சாப்பிட்டாள்?” என்றார்.

தோழி அதைத் தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் பதில் இல்லை. நானும் இரண்டு பெற்றவள். அம்மா அரைத்துக் கொடுத்த பிரசவ மருந்தின் காரம் இன்னும் நாக்கில் நிற்கிறது. அவளுக்கு யார் அரைத்துக் கொடுத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மதியம் 1.05 முதல் 1.40 வரை நாடு முழுவதும் விமானம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் நேரம் அது. அந்த அமைதியில், பால்கனியில் நின்று, கிசுகிசுப்பான குரலில் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஒன்பதரை தாண்டியிருந்தது.

“ஒன்னப் பெத்தது அடமழையில. ஒரு படகும் கடலுக்குப் போவல. பால்சுறா கெடைக்கல. ஒங்க தாத்தா வேதாரண்யம் வரைக்கும் சைக்கிள்ல நனைஞ்சுகிட்டே போயி சுறாக் கருவாடு வாங்கியாந்தாங்க. பூண்ட அள்ளிப் போட்டு ஒங்க பாட்டி கொழம்பு வச்சுக் குடுத்தாங்க. அதுலதான் ஒனக்குப் பாலு ஊறுச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “இப்ப எதுக்குடி கேக்குற?” என்றாள்.

இரவு கேக். பத்து வயதுக்கு ஒன்றாக ஐந்து நீள மெழுகுவர்த்திகள். தேர்வு முடிந்து வந்த பையன் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தான்.

நவம்பர் 18, சனி.

பெட்டி கட்டும் நேரத்தில் பாட்டி மாங்வொன் சந்தையிலிருந்து வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய நீளமான மியொக் கட்டு. கடைகளில் சின்னப் பொட்டலமாகக் கிடைப்பது அல்ல இது. பிள்ளை பெற்றவளுக்கென்றே தனியாக விற்பது. இதை வெட்டவோ மடிக்கவோ மாட்டார்கள், மடித்தால் பிரசவம் கடினமாகும் என்பார்கள்.

“உனக்கில்லை, உன் அம்மாவுக்கு” என்றார்.

பெட்டியில் குறுக்காக வைத்துப் பார்த்தேன், நெடுக்காக வைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. இலேசாக வளைக்கலாமா என்று தோழி கேட்டாள். பாட்டி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

பெட்டியை மூடிவிட்டேன். கட்டைக் கையிலேயே கொண்டுபோகிறேன்.