நூற்றொரு நோய்கள்

என் அம்மப்பா வடமராட்சியில் பரியாரியாராக விளங்கியவர். எனக்குப் பதினான்கு வயதானபோது அம்மம்மா படுக்கையில் வீழ்ந்தார். அவரது நாடியைப் பார்த்த அம்மப்பா, கையை மெல்ல விடுவித்து, என் தாயாரிடம், “இனி மருந்து தேவையில்லை, பிள்ளை. பத்தியமும் வேண்டாம். கேட்டதைக் குடுங்கோ” என்றார். வைத்தியர் ஒருவர் இவ்வாறு கைவிடலாமா என்ற சினம் என்னுள் நெடுநாள் கனன்றது.

பின்னாளில், பௌத்த நாகரிகம் பயிலும்போது திபெத்திய வைத்தியம் பற்றி வாசிக்க நேர்ந்தது. திபெத்தியர் அதனைச் ‘சோவா ரிக்பா’, அதாவது குணப்படுத்தும் அறிவு, என்பர். அதன் மூலநூலான ‘கியூஷி’ 156 அத்தியாயங்களைக் கொண்டது. வாக்படரின் ‘அஷ்டாங்க ஹிருதயம்’ 11ஆம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் பெயர்க்கப்பட்டமையால், அவர்கள் கூறும் லுங், திரிபா, பேகென் என்பன நாமறிந்த வாத, பித்த, கபங்களுக்கு உறவானவையே. ஆயின் அவர்களோ ஒருபடி மேலே சென்று, ஆசை, வெகுளி, அறியாமை ஆகிய மூன்றுமே அவற்றின் வித்துக்கள் என்பர். மூன்று விரல்களால் இரு மணிக்கட்டுகளிலும் நாடி பார்த்தலும், சிறுநீரின் நிறம், மணம், நுரை என்பவற்றை ஆராய்தலும் அவர்தம் முறை. முதலில் உணவு, அடுத்து ஒழுக்கம், அதன் பின்னரே மருந்து. சூடிடுதலும் குருதி வாங்குதலும் இறுதியில்தான்.

என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது வேறொன்று. நோய்கள் 404 எனக் கொண்டு, அவற்றை 101 வீதம் நான்காக வகுப்பர். தாமாகவே தீர்வன ஒரு வகை. ஆவிகளால் வருவன இன்னொன்று. மருந்துக்குக் கட்டுப்படுவன மற்றொன்று. முன்வினையால் வந்து மரணத்தில் முடிவன நான்காவது. ஆவியையும் முன்வினையையும் நான் ஏற்கவில்லை. பாதரசத்தைச் சுத்தி செய்து சேர்க்கும் அவர்களது மாத்திரைகளையும் ஆய்வுகூடத்திற் சோதியாமல் எவரும் விழுங்கலாகாது. இது நம் சித்த மருந்துகளுக்கும் பொருந்தும். எனினும், தன் கல்வியின் எல்லையைத் தானே எண்ணிட்டுக் கூறும் வைத்தியம் என் மதிப்புக்குரியதாயிற்று.

அக்கல்வியும் எளிதிற் பிழைத்ததன்று. 1696இல் லாசாவில் நிறுவப்பட்ட சாக்போரி மருத்துவக் கல்லூரி 1959இல் அழிக்கப்பட்டது. நாடிழந்தோர் 1961இல் இந்தியாவின் தர்மசாலாவில் மருத்துவ நிலையத்தை மீண்டும் தொடங்கினர்.

அன்று அம்மம்மா கேட்டது ஒடியற் கூழ், அதுவும் நண்டு போட்டு. பத்தியத்தின் பேரால் ஈராண்டுகளாக அவருக்கு நண்டை மறுத்துவந்த அம்மப்பா, தாமே அடுப்படியிற் குந்தியிருந்து நண்டுக் கால்களை உடைத்தார்.