இருவருக்கு ஓர் அடுப்பு

பிள்ளைகள் பிறந்த பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அரிதாகிவிடுகிறது. ஒருவர் பரிமாற ஒருவர் சாப்பிடுவது, ஒருவர் ஊட்டிக்கொண்டிருக்க மற்றவர் வேலைக்குக் கிளம்புவது என்றே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளை மதுரையில் மாமியாரிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் கண்டரமாணிக்கம் போனோம். வேண்டுதலும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. நன்றாகச் சாப்பிட வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும். அதற்காகவே போனோம்.

பிரான்சில் இப்படிக் கிளம்பும் தம்பதியர் பொர்தோ, பர்கண்டி என்று திராட்சைத் தோட்டங்களுக்குப் போவார்கள். நம் நாட்டில் நாசிக் பக்கம் போகிறார்கள். ஒரு மண்ணின் வெயிலும் மழையும் கோப்பைக்குள் இறங்கியிருப்பதை அந்த மண்ணிலேயே உட்கார்ந்து ருசிப்பதுதான் ஒயின் பயணத்தின் சுகம். அந்தச் சுகம் சிவகங்கைச் சீமையின் செம்மண்ணிலும் உண்டு. அது பனையில் இருக்கிறது.

மேலூர் தாண்டித் திருப்பத்தூர் போகும் வழியில், புளியமரத்தடியில் ஒரு பெரியவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுத்தார். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு இருக்கும்வரை சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். அது இல்லையென்றால் விடிவதற்குள் கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. பதநீருக்குத் தடையில்லை. முதல் மடக்கில் இனிப்பு, அடுத்து ஓலை மணம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசான சுண்ணாம்புக் காரம். இரண்டு பட்டை வாங்கினோம். இரண்டும் ஒரே ருசியாக இல்லை. "ஒண்ணு இந்த மரம், ஒண்ணு அந்தக் கரை மரம்" என்றார் பெரியவர். மரத்துக்கு மரம் ருசி பிரித்துச் சொல்லும் அந்த அறிவு எந்தத் திராட்சைத் தோட்டக்காரரின் அறிவுக்கும் குறைந்ததில்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

கண்டரமாணிக்கம் பெரிய ஊர் இல்லை. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வரும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. வியாழக்கிழமைகளில் பக்கத்துப் பட்டமங்கலத்தில், கிழக்கு நோக்கி அமர்ந்த தட்சிணாமூர்த்தியைப் பார்க்கப் போகிறவர்கள் வருவார்கள். மற்றபடி தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைவு. வீடுகளோ ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லைப்புறமுமாக நீண்டு கிடக்கின்றன. நாங்கள் தங்கியது ஒரு நண்பரின் பூர்வீக வீட்டில். பங்காளிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலுமாகப் பிரிந்துவிட, வீட்டை அவருடைய உறவில் ஓர் ஆச்சி பார்த்துக்கொள்கிறார். பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கையை வைத்தால் வழுக்கும் சுண்ணாம்புச் சுவர். வெளியே அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்த, முற்றத்தைச் சுற்றிய வளவில் வெறுந்தரையில் படுத்தால் முதுகு குளிர்ந்தது.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. இந்த வீடுகளைக் கட்டிய செட்டிநாட்டு நகரத்தார் வழக்கத்தில், மணமானதும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலுக்குக் கட்டும் வரியும் புள்ளிக் கணக்கில்தான். கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்தில் புதுத் தம்பதியை 'வேறு வைத்து' விடுவார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு. பெரியவர்களின் கண் பார்வையிலேயே இருந்துகொண்டு, தங்கள் வரவுசெலவையும் தங்கள் ருசியையும் அந்த இருவரும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுக்குடும்பம் என்றால் ஒரே உலை என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. அத்தனை பேர் புழங்கிய வீட்டில், இருவருக்கென்று ஓர் அடுப்பு வேண்டும் என்பதை யோசித்து, அதை முறையாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த அடுப்புகளில் பல, பாதி ஆயுள் ஒருவருக்காகவே எரிந்தன. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்கு, போன ஆண்களுக்கு ஒரு தவணை மூன்று வருஷம். பெரும்பாலும் மனைவி ஊரிலேயே இருப்பார். கணக்கை ஒப்படைத்துவிட்டு வந்து சில மாதம் வீட்டில் இருந்தால், அடுத்த கப்பல் கூப்பிடும். 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது, கால்நடையாகக் காடு கடந்து திரும்பியவர்களும் உண்டு. இன்று நாம் வியந்து படம் எடுக்கும் தூண்களும் கண்ணாடிகளும் அந்தப் பிரிவின் சம்பாத்தியம். செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பெருமையில், இங்கே தனியாக உண்ட பெண்களின் பங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் மதியம் ஆச்சி இலை போட்டதும், பழக்கதோஷத்தில் நான் பரிமாற எழுந்தேன். "நீ உக்காரு ஆத்தா. வீட்டுல தினம் அதைத்தானே செய்யறே" என்று கையைப் பிடித்து என் கணவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைத்த வெண்டைக்காய் மண்டி, கோழிக் குழம்பு, மிளகு தூக்கலாக ரசம். செட்டிநாடு என்று பெயர்ப் பலகை மாட்டிய கடைகளில் கண்ணில் நீர் வரவைக்கும் காரம் இங்கே இல்லை. சோம்பு, மிளகு, பட்டை, கல்பாசி எல்லாம் அளவோடு, அன்றைக்கு அரைத்ததாக இருந்தன. கல்பாசியை முகர்ந்தால் ஒன்றுமே தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் அடுப்படி முழுக்க மணக்கிறது.

மாலையில் வெள்ளைப் பணியாரம். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தார் ஆச்சி. சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்தின் அளவு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல் அரைத்தார். புளிக்க விடவில்லை. உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டு, காய்ந்த எண்ணெயின் நடுவே ஒரே ஒரு கரண்டி மாவு. ஓரம் பூப்போல விரிந்து எழும்பியதும், சிவக்க விடாமல் திருப்பிப் போட்டு எடுத்தார். சட்டியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேகும். அதனால் வந்த ஒவ்வொன்றையும் பிட்டுப் பாதிப் பாதியாக, வரமிளகாய்த் துவையல் தொட்டுச் சாப்பிட்டோம். அடுத்தது வேகும்வரை பேச்சு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாதத் தவணை எதுவும் அந்தப் பேச்சில் வரவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த தன் தாத்தா எந்த ஊரிலெல்லாம் என்னென்ன சாப்பிட்டார் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத கதைகள்.

கவுனி அரிசிக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். பர்மாவிலிருந்து வந்த கறுப்பரிசி அது. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்த்தால், கறுப்பு கருஞ்சிவப்பாகி இலையில் பளபளக்கிறது. தூரதேசம் போனவர்கள் கொண்டுவந்த அரிசி, இன்று இந்த ஊர்க் கல்யாணப் பந்தியில் விட முடியாத பலகாரம்.

ஒருநாள் காரைக்குடிக்குப் போய் 'தி பங்களா'வில் இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்று தன் பழைய பங்களாவையே 1999-இல் விடுதியாக்கியது. அந்தச் சமையலறையின் செய்முறைகள் புத்தகமாகவும் வந்திருக்கின்றன. பிறகு முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பதநீர் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை, வைகாசியில் போங்கள். வெயிலுக்குப் பயப்பட வேண்டாம், அந்த வீடுகள் வெயிலுக்கென்றே கட்டியவை. கவுனி அரிசியும் பணியாரமும் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறோமே என்று மனம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். பாட்டி வீட்டில் அவர்கள் நம்மிடம் இருப்பதைவிடச் செல்லமாகத்தான் இருப்பார்கள்.

பெற்றோர் இருவரும் தங்களுக்கென்று ஒரு வேளை வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்று நம் வீடுகளில் பலர் நினைக்கிறோம். நூறு பேர் புழங்கிய வீட்டில் தனி அடுப்பு மூட்டிக் கொடுத்த பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை. குடும்பத்தை எண்ணத் தொடங்கிய இடத்திலேயே கணவன் மனைவியை வைத்தார்கள். எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் ஓர் இரவு, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு, எங்கள் இருவருக்கும் இலை விழுகிறது. யாரும் எழுந்து பரிமாறுவதில்லை. எல்லாம் நடுவில் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்கிறோம்.