மலையில் கேட்ட கடல் பாடம்

கொல்லிமலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நாமக்கல் மாவட்டத்தில், கடற்கரையை விட்டு வெகு தூரத்தில், 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலை அது. ஆனாலும் கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கும் ‘ஸ்கூபா’ வித்தையை ஒருவர் எப்படிக் கற்கத் தொடங்குவது என்று நான் தெரிந்துகொண்டது அந்த மலையில்தான்.

சொல்லித் தந்தவள் என் அண்ணன் மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்தவள். விடுமுறைக்கு அவள் போட்டிருந்த திட்டம், முதல் இரண்டு நாள் கடல், மறுநாள் விடியற்காலை எங்களோடு கொல்லிமலை. பயிற்சியாளர் அதைக் கேட்டதும், “அப்படி வேண்டாம். மலையை முதலில் வை, கடலைப் பிறகு வை” என்று சொல்லிவிட்டாராம். அதனால்தான் எங்கள் பயணம் முந்திக்கொண்டது. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

அவள், என் மகன், மருமகள், எட்டு மாதப் பேரன், நான் என்று ஐந்து பேர் காரில் கிளம்பினோம். அடிவாரமான காரவள்ளியில் இருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி வளைவு தாண்டுவதற்குள் என் காது ‘கும்’மென்று அடைத்துக்கொண்டது.

“அத்தை, எச்சில் முழுங்குங்க. இல்லாட்டி கொட்டாவி விடுங்க” என்றாள். விழுங்கினேன். ‘பட்’டென்று திறந்தது. “இதுதான் ஸ்கூபாவில் முதல் பாடம்!” என்று சிரித்தாள்.

விஷயம் இதுதான். செவிப்பறைக்குப் பின்னால் காற்றுள்ள சிறு அறை ஒன்று உண்டு. அங்கிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் மாறும்போது இந்தக் குழாய் திறந்து சரிக்கட்டாவிட்டால் காது அடைக்கிறது. கொல்லிமலை உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. கடலிலோ ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் முழுதாக ஒரு பங்கு கூடுகிறது. இவ்வளவு பெரிய மலை காட்டுகிற வித்தியாசத்தைத் தண்ணீர் ஓர் ஆள் ஆழத்துக்குள்ளேயே காட்டிவிடும்! ஆகவே மூழ்குபவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்குவழியே காற்றைத் தள்ளிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. பலமாக ஊதவும் கூடாது. திறக்காவிட்டால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி, ஜலதோஷம் இருக்கும் நாளில் கடலில் இறங்கவே கூடாது.

கைக்குழந்தையோடு மலைப் பயணம் போகும் தாய்மார்களும் இதைக் கவனிக்கலாம். மலை இறங்கும்போதுதான் காது அதிகம் அடைக்கும். அப்போது குழந்தைக்குப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். திரும்பும் வழியில் என் மருமகள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிச் சொல்லிப் பால் கொடுத்தாள். பேரன் சிணுங்கவே இல்லை.

செம்மேட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ஸ்வாமி தரிசனம் முடிந்ததும், கோயிலுக்கு அருகிலிருந்தே ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், சில இடங்களில் நெட்டுக்குத்தாக! முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லதாம். நான் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேரனை வைத்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இளசுகள் மூவரும் போய்வந்தார்கள். “அந்தத் தண்ணியில முங்கிப் பார்த்தியா?” என்று அண்ணன் மகளைக் கேட்டேன். “ஐயோ அத்தை! வழுக்குப் பாறை, இழுக்கிற தண்ணி. நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் அது ஆபத்து. ஓரமா நின்னு குளிச்சதோட சரி” என்றாள். தண்ணீரை அறிந்தவர்களுக்குத்தான் தண்ணீரிடம் பயம் இருக்கிறது.

மலைவாழைப் பழத்தை உரித்துக்கொண்டே என் மருமகள் மெல்ல ஆரம்பித்தாள்: “எனக்கும் கத்துக்கணும்னு ஆசையா இருக்கு. கைக்குழந்தைக்காரி, நமக்கெதுக்குன்னு யோசிக்கிறேன்.” எனக்குத் திக்கென்றது. ஆனால் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

“முதல்ல நீச்சல் பழகுங்க அக்கா” என்றாள் அண்ணன் மகள். இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, சும்மா ஒருமுறை அனுபவித்துப் பார்ப்பது. பயிற்சியாளர் கூடவே இருந்து, அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம்வரை அழைத்துப் போவார். நீச்சல் தெரியாதவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். மற்றொன்று முழுப் பயிற்சி. பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற சர்வதேச அமைப்புகளின் சான்றிதழ் கிடைக்கும். பெரும்பாலும் மூன்று, நான்கு நாள் ஆகும். முதலில் பாடமும் பரீட்சையும், அடுத்து நீச்சல் குளத்திலோ ஆழமில்லாத நீரிலோ பழக்கம், பிறகு நான்கு முறை கடலில் மூழ்குதல். தேறியவர் துணையோடு 18 மீட்டர்வரை போகலாம். இதற்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை. வயது பத்து நிரம்பியிருந்தால் போதும்.

முதுகில் கட்டும் சிலிண்டரில் இருப்பது பிராணவாயு என்றே நான் நினைத்திருந்தேன். அதில் அடைத்திருப்பது நாம் சுவாசிக்கிற அதே காற்றுதான்! 1943-ல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் சேர்ந்து உருவாக்கிய கருவியிலிருந்து வந்தது இது. நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கேற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும்.

நமக்கு இது புதிதும் இல்லை. கொற்கையில் முத்துக் குளித்த நாடு இது. இன்றும் ராமேசுவரம் பக்கத்துத் தீவுகளில் மீனவப் பெண்கள் சிலிண்டர் இல்லாமல், மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் ‘சீகாலஜி’ என்ற சர்வதேச விருது கிடைத்தது. ஆனால் மூச்சடக்குவது அவர்கள் வழி. ஸ்கூபாவில் அதற்கு நேர் எதிர்: எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் பலூன் மாதிரி நுரையீரல் கிழிந்துவிடும். சீராக மூச்சுவிட்டுக்கொண்டே நிதானமாக மேலே வர வேண்டும். பதறிக்கொண்டு மேலே பாயக் கூடாது.

அங்கே பேச முடியாது, சைகைதான். கட்டை விரலை உயர்த்தினால் ‘சபாஷ்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம்! கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால்தான் ‘எல்லாம் சரி’. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் தலையை லேசாக உயர்த்தி மூக்கால் ஊதி வெளியேற்றலாம். இதையெல்லாம் ஆழமில்லாத நீரில் திரும்பத் திரும்பப் பழக்கிவிட்டுத்தான் கடலுக்கு அழைத்துப் போவார்களாம்.

மலை ஏன் முதலில்? காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் சுவாசிக்கும்போது அது வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் கரைகிறது. மேலே வந்தபின் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேறும். அது வெளியேறுமுன் விமானத்திலோ மலையிலோ ஏறினால், வெளி அழுத்தம் இன்னும் குறைந்து, கோலி சோடாவைத் திறந்ததுபோல் இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிகள் கிளம்பலாம். மூட்டுவலி, மரத்துப்போதல், சில சமயம் பக்கவாதம்கூட வரும். ஒரே ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும். முழுதாக ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது. கொல்லிமலை, ஏற்காடு, ஊட்டி, கோடைக்கானல் எல்லாவற்றுக்கும் இதே கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளலாம். மலையேறி வந்து கடலில் இறங்குவதற்குத் தடையில்லை.

பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை சில. கர்ப்பிணிகள் ஸ்கூபா செய்யவே கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தால் பரிசோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாதவிலக்கு நாட்கள் ஒரு தடையில்லை. பால் கொடுப்பதும் தடையில்லை, ஆனால் நன்றாகத் தண்ணீர் குடித்து, களைப்பில்லாமல் இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின், அதிலும் சிசேரியன் ஆனவர்கள், டாக்டர் அனுமதித்த பிறகே இறங்கலாம். ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், காது ஆபரேஷன் ஆகியவற்றை மறைக்கவே கூடாது. சேரும்போது தருகிற உடல்நலப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சேருமுன் பயிற்சியாளரின் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு எத்தனை பேரை அழைத்துப் போவார், படகில் ஆக்ஸிஜனும் முதலுதவியும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடற்கரையில் கடல் கொந்தளிக்கும். தேதி குறிக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் ‘வேண்டாம்’ என்று எந்த நிமிடமும் சொல்லலாம், கட்டிய பணத்துக்காக இறங்க வேண்டாம்.

இதற்குள் எங்கள் வீட்டிலும் ஒரு தீர்ப்பு ஆகிவிட்டது. மருமகள் முதலில் நீச்சல் வகுப்பில் சேருவது, பேரனுக்கு ஒரு வயது ஆனதும் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கடல் பயிற்சிக்குப் போவது. “குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?” என்று அவள் தயங்கினாள். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.