படம் மாறாமல் நிஜத்தை மாற்றாதீர்கள்



பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். "சார், இப்பல்லாம் ஏஐ நிமிஷத்துல கோட் எழுதிடுது. ஆனா மேனேஜர் முதல்ல டயகிராம் போடு, மாடல் போடுன்னு உயிரை வாங்குறார். போட்டதை அப்புறம் யாரும் திரும்பிக்கூட பார்க்கிறதில்ல. இது தேவையா சார்?" என்றான். நான் கணக்கு வாத்தியார். எனக்குக் கோட் எழுதத் தெரியாது. ஆனால் அரக்கோணத்துக்காரன் ஆயிற்றே, ரயிலை வைத்துப் பதில் சொன்னேன். உங்களில் பலர் அதே துறையில் இருப்பதால் இங்கும் எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்து சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நான்கு பக்கமும் தண்டவாளம் போகிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் பாயிண்ட் சரியாக அமைந்து, தடம் காலியாக இருந்தால் மட்டும் சிக்னல் விழச் செய்யும் ஏற்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். லீவரும் கம்பியும் செய்த வேலை அது. பிறகு ரிலே வந்தது. இன்று பல நிலையங்களில் கம்ப்யூட்டர் செய்கிறது.

அந்தப் புரோகிராமை யாரும் எடுத்த எடுப்பில் எழுதுவதில்லை. முதலில் தண்டவாளம், பாயிண்ட், சிக்னல் எல்லாம் குறித்த வரைபடம். அதிலிருந்து ஓர் அட்டவணை. ஒரு வழியில் ரயிலை விட எந்தப் பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எந்தத் தடம் காலியாக வேண்டும், எந்தெந்த சிக்னல் சிவப்பில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வழிக்கும் அதில் ஒரு வரி இருக்கும். புரோகிராம் அதற்குப் பிறகுதான். அதையும் முதலில் சுவிட்சும் விளக்கும் கொண்ட பலகையில் போலியாக ஒரு நிலையம் அமைத்துச் சோதிப்பார்கள். கொடுக்கக் கூடாத சிக்னலை வேண்டுமென்றே கேட்பார்கள். அது மறுக்க வேண்டும்.

மாடலிங் என்பது இவ்வளவுதான். வகுப்பில் "மகனின் வயது எக்ஸ் என்க" என்று தொடங்குவோமே, அதுவும் மாடல்தான். மகனின் பெயர், உயரம் எல்லாம் கணக்குக்கு வேண்டாம். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடம் 1998இல் ஓட்டுநர் இல்லாமலே ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்பு மென்பொருளை 'பி முறை' என்ற கணித மொழியில் மாடலாக எழுதி, நாம் தேற்றம் நிறுவுவது போல நிறுவி, அதிலிருந்தே கோடை உருவாக்கினார்கள்.

அப்படியானால் மாடல் போட்டால் போதுமா? போதாது. 2023 ஜூன் 2 அன்று, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் அருகே பஹனாகா பஜாரில் விபத்துக்குள்ளானது. நேர் தடத்துக்குப் பச்சை சிக்னல் விழுந்தது. பாயிண்டோ பக்கத்துத் தடத்துக்குத் திரும்பி இருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் கம்பி இணைப்புகளை மாற்றியதில் நடந்த குளறுபடிகளே காரணம் என்று விசாரணை சொன்னது. முன்பு செய்த மாற்றம் வரைபடத்தில் ஏறவில்லை என்பதும், கம்பிகளின் பெயர்ச்சீட்டு தவறாக இருந்ததும் அதில் வெளிவந்தன. படம் ஒன்று சொல்லியது, பெட்டிக்குள் வேறு இருந்தது.

அந்த மாணவனின் அலுப்புக்கும் காரணம் இதுதான். ஆறு மாதத்தில் கோட் மாறிவிடுகிறது, டயகிராம் பழையபடியே கிடக்கிறது. அதை யார் நம்புவார்கள்? படமே இல்லாவிட்டால் நேரில் போய்ப் பார்ப்போம். தவறான படம் இருந்தால் பார்க்காமலே நம்பிவிடுவோம்.

என் யோசனை இது. எல்லாவற்றுக்கும் படம் வேண்டாம். பணம், மருந்து, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கட்டாயம் போடுங்கள். மாற்றம் வந்தால் முதலில் படத்தைத் திருத்துங்கள், பிறகு கோடைத் தொடுங்கள். ஏஐ எழுதினாலும், 'எது ஒருபோதும் நடக்கக் கூடாது' என்ற அட்டவணையை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். அதை வைத்துத்தான் அது எழுதியதைச் சோதிக்க முடியும்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளே, தோலை வெட்டுமுன் பேட்டர்ன் போடுவது உங்களுக்குப் புதிதல்ல. பேட்டர்னைத் திருத்தாமல் வெட்டும் அச்சை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே இவர்களுக்குச் சொல்லுங்கள்.

அனைவரும் நலமுடன் வாழ்க.

உங்கள் கணக்கு வாத்தியார்,
அரக்கோணம்